நம் ஊர் நடுநிலைப் பள்ளியும் நம் பிள்ளைகளும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பாக நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கல்வியின் பெருமையை இச்சபையில் எடுத்துரைத்துத் தங்கள் பொழுதைக் கழிக்க நாம் வந்தோமல்லோம். அதனை அறியாதார் இங்கு ஒருவருமிலர். நாம் பேச வந்தது சங்கத்தின் கல்வி நிதியைப் பற்றி. திருமண மகமையும் கடை மகமையுமாகச் சிறுகச் சிறுகச் சேர்ந்த அந்நிதியைக் கொண்டு, நம் குலத்தார் பெயரால் ஓர் ஆங்கிலப் பள்ளிக்கூடம் நிறுவவேண்டுமென்று அங்கத்தினர் சிலர் ஒரு தீர்மானம் கொடுத்திருக்கின்றனர். அவர்களுடைய நல்லெண்ணத்தில் நமக்குச் சிறிதும் ஐயமில்லை. எனினும், அத்தீர்மானத்துக்குக் கை தூக்குமுன், சந்தைக்குப் பின்புறம் வேப்பமரங்களின் நடுவே இருக்கும் நம் ஊர்ப் பொது நடுநிலைப் பள்ளியின் நிலைமையைத் தாங்கள் செவ்வையாய் அறிதல் வேண்டும். அப்பள்ளியின் வாழ்வும் இந்நிதியின் செலவும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதே கல்விக் குழுவின் துணிபு.

நடுநிலைப் பள்ளியென்பது 1 முதல் 8 வகுப்பு வரை உள்ளது. நம் பாட்டனார் காலத்தில் இதனை ‘ஹையர் எலிமெண்டரி’ என்பர். எட்டாவது தேறினவரை ‘ஈ.எஸ்.எல்.சி. பாஸ்’ என்று ஊரார் மரியாதையாகச் சுட்டுவர். அந்தச் சான்றிதழொன்றைக் கொண்டே உபாத்தியாயர் பயிற்சிக்குச் சென்றவர் பலர். இச்சபையில் வீற்றிருக்கும் முதியோரில் பாதிக்கு மேற்பட்டவர் அப்பள்ளியின் மணலில் எழுதிப் பழகியவரே. இப்பொழுதோ காலை எட்டு மணிக்கு நம் தெருக்களில் மஞ்சள் வண்டிகள் வரிசையாய் வந்து நின்று, மூன்று வயதுக் குழந்தை முதல் ஏற்றிக்கொண்டு போகின்றன. பொதுப் பள்ளியின் வாயிலில் அத்தனை கூட்டமில்லை. ஆறாம் வகுப்பில் பின்வரிசைப் பலகைகள் வெறுமையாய்க் கிடப்பதைக் கல்விக் குழுவினர் கண்டு வந்தோம்.

பள்ளியில் தொகை குறைந்ததற்குப் பள்ளியே காரணம் என்று ஒரே சொல்லாய் முடித்துவிடுவோர் உண்டு. அது முழு உண்மையன்று. முதலாவது, குழந்தைகளே குறைந்துவிட்டனர். 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு தாய்க்குச் சராசரி 1.8 குழந்தைகள். மக்கள் தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டுமென்பர். 2005–06ஆம் ஆண்டுக் கணக்கிலும் அதே 1.8 தான். ஆகவே, ஒரு வீட்டில் ஐந்து பிள்ளைகள் ஒரே பள்ளிக்கு நடந்த காலம் போய் ஒரு தலைமுறை ஆகின்றது. இரண்டாவது, இருக்கும் ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு வருமானத்தில் பெரும் பங்கைச் செலவிட்டாலே பெற்றோர் கடமை தீரும் என்ற எண்ணம் பரவிவிட்டது. கட்டணம் வாங்கும் இடத்தில் கல்வியிருக்குமென்று நினைக்கின்றோம். வைத்தியத்திலும் நமக்கு இந்நினைப்பு உண்டு. அது வேறு கதை.

நிற்க. தொகை குறைவதனால் விளைவது யாதென்பதைப் பலர் அறியார். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு மாதம் 1ஆம் தேதியில் பதிவேட்டிலுள்ள மாணாக்கர் எண்ணைக் கொண்டே அப்பள்ளிக்கு ஆசிரியர் இத்தனை பேர் என்று நிர்ணயம் செய்கின்றனர். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 1 முதல் 5 வகுப்பு வரை 30 பேருக்கு ஓராசிரியரும், 6 முதல் 8 வரை 35 பேருக்கு ஓராசிரியரும் இருத்தல் வேண்டும். மேல்வகுப்புகளில் கணிதமும் விஞ்ஞானமும், சமூகவியல், மொழி ஆகியவற்றிற்குத் தனித்தனி ஆசிரியர் வேண்டும். அவ்வகுப்புகளில் நூற்றுவருக்கு மேலிருந்தால் பாடச்சுமையில்லாத தலைமையாசிரியரும், ஓவியம், தேகப்பயிற்சி, தொழில் ஆகியவற்றைக் கற்பிப்போரும் வேண்டும். இவையெல்லாம் எண்ணைப் பொறுத்தவை. நம் தெருவிலிருந்து பத்துப் பிள்ளைகள் வண்டியேறிப் போனால், ஆகஸ்டு மாதத்தில் ஓர் ஆசிரியர் ‘உபரி’ என்று பெயர்பெற்று வேறூருக்கு மாற்றப்படுகின்றார். மிஞ்சியவர் இரண்டு வகுப்பை ஒரே அறையில் வைத்துப் பார்க்கின்றார். தலைமையாசிரியரோ வகுப்பும் எடுத்து, சத்துணவுக் கணக்கும் பார்த்து, கணினியில் வருகைப் பதிவும் ஏற்றி, மாலையில் களைத்துப்போகின்றார். கற்பித்தல் தளர்கின்றது. அதைக் கண்டு இன்னும் ஐந்து வீட்டார் பிள்ளைகளை விலக்குகின்றனர். அடுத்த ஆகஸ்டு வருகின்றது.

இங்ஙனம் தொகையும் தரமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு இறங்குகின்றன. இதில் முதலில் விலகுவோர், பேசத் தெரிந்தவரும், அதிகாரிக்கு மனு எழுதத் தெரிந்தவரும், கடை வைத்துப் பணம் புரட்டத் தெரிந்தவருமே. அவர்கள் போனபின் எஞ்சுவது கூலிக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகள். அத்தாய்மார் பள்ளிக் குழாயில் தண்ணீர் வரவில்லையென்று யாரிடம் முறையிடுவர்? பக்கத்திலுள்ள பொதுப் பள்ளியில் எல்லார் பிள்ளைகளும் ஒருங்கே படித்தால்தான் பொதுக்கல்வி உரம்பெறும் என்று கோத்தாரிக் கல்விக் குழு 1966இலேயே வற்புறுத்தியது. தேசம் அதனைக் கேட்டுத் தலையசைத்ததோடு சரி.

பள்ளியின் கற்பித்தலைக் குறித்து நாம் பூசிமெழுக விரும்பவில்லை. ‘ஏசர்’ என்னும் கிராமப்புறக் கல்வி ஆய்வு 2022இல் நடந்தபோது, தமிழ்நாட்டில் 3ஆம் வகுப்புப் பிள்ளைகளில் 2ஆம் வகுப்புப் பாடத்தைத் தடையின்றி வாசிக்கக்கூடியவர் நூற்றுக்கு ஐவர் அளவினரே; 5ஆம் வகுப்பிலும் நால்வரில் ஒருவரே. கேட்கவே நெஞ்சு துணுக்குறுகின்றது. ஆனால் ஒன்று. இது வீடு வீடாய்ச் சென்று எடுத்த கணக்கு. கட்டணப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் இதனுள் அடங்குவர். பெருந்தொற்றினால் 2020 மார்ச்சு மாதம் மூடிய தொடக்க, நடுநிலை வகுப்புகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பறையைக் காணாமலே ஒரு பிள்ளைக்கூட்டம் மேலேறி வந்தது. பின்னர் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று மாலை வகுப்புகளும், 2022 முதல் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற ஏற்பாடும் நடந்தன. 2024ஆம் ஆண்டு ஆய்வில் எண்கள் ஓரளவு ஏறியிருக்கின்றன. ஏறியவை போதா. 8ஆம் வகுப்பு வரை எவரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பது நம் மாகாணத்தில் கைக்கொண்டு வந்த முறை. குழந்தையை அவமானப்படுத்தாத அந்த முறையில் குறையில்லை. ஆனால் அதனால் பெற்றோருக்குக் குறை தெரிவது 9ஆம் வகுப்பிலேதான். அதற்குமுன் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் பெற்றோர் வேண்டும். இது கட்டணப் பள்ளிக்கும் பொருந்தும்.

இனி, தீர்மானம் கொடுத்த அன்பர்களின் வாதத்துக்கு வருவோம். “நம் முன்னோர் பள்ளி நிறுவவில்லையா? நாமும் நிறுவினால் என்ன?” என்று அவர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்வி. விருதுநகரில் நாடார் குலப் பெரியோர் வீட்டுக்கு வீடு சமைக்கும் அரிசியில் ஒரு பிடி ஒதுக்கிச் சேர்த்த பிடியரிசியைக் கொண்டு க்ஷத்திரிய வித்தியாசாலையை நடத்திய வரலாற்றை எக்குலத்தாரும் போற்றுவர். காமராஜர் பயின்றது அங்கே. ஆனால் அக்காலத்தில் வேறு பள்ளிகள் நம்மனோர்க்கு வாயிலடைத்திருந்தன. ஆகவே தாமே கட்டினர். கட்டிய பள்ளிகளுக்குப் பின்னர் அரசாங்க உதவியும் கிடைத்தது. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தின் பொறுப்பாயிற்று. 1991க்குப் பின் தொடங்கும் பள்ளிகளுக்கு அவ்வுதவி இல்லையென்று நிறுத்திவிட்டனர். இன்று நாம் பள்ளி தொடங்கினால் அது முழுதும் பிள்ளைகளின் கட்டணத்தால் நடக்கவேண்டிய பள்ளியே. முதல் இரண்டாண்டுகள் நிதியைக் கரைத்து நடத்தலாம். மூன்றாம் ஆண்டில் கட்டணம் உயரும். அல்லது ஆசிரியர் சம்பளம் தாழும். கட்டணம் உயர்ந்தால் நம் குலத்திலேயே ஏழைப் பிள்ளை வெளியே நிற்கும். நம் பெயரெழுதிய பலகையின்கீழ் நம் பிள்ளைக்கே இடமில்லாத நிலையை நிதி கொடுத்த புண்ணியவான்கள் விரும்புவரோ?

இதைவிடப் பெரியதொரு காரணம் உண்டு. அதனைத் தாய்மார்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டுகின்றோம். 2020இல் மருத்துவக் கல்லூரிகளில் அரசுப் பள்ளி மாணாக்கர்க்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கிச் சட்டம் செய்தனர். முதலாண்டிலேயே 400 பேரளவில் அவ்வழியாக மருத்துவமும் பல் மருத்துவமும் பயிலச் சென்றனர். 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் முதலியவற்றிற்கும் அவ்வொதுக்கீடு விரிந்தது. இதற்குப் பொதுவிதி யாதெனில், பிள்ளை 6 முதல் 12 வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருத்தல் வேண்டும். நகராட்சிப் பள்ளியும், ஊராட்சி ஒன்றியப் பள்ளியும் இவ்வகையில் அரசுப் பள்ளிகளே. சங்கப் பள்ளி அரசுப் பள்ளியாகாது. 2022இல் ஏற்பட்ட புதுமைப் பெண் திட்டம், உயர்கல்விக்குச் செல்லும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிப்பது. அதற்கும் 6 முதல் 12 என்றே வைத்தனர். 2024இல் ஆண்பிள்ளைகளுக்கு ஏற்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டத்திற்கும் அஃதே. (பின்னர் உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணாக்கருக்கும் இவ்வுதவித்தொகைக்கு இடம் கொடுத்தனர்; ஆனால் புதிதாய்த் தொடங்கும் பள்ளி உதவிபெறும் பள்ளியும் ஆகாது.)

ஆகவே ஒரு பிள்ளையின் எதிர்கால வாயில்களுள் பல 11 வயதில், 6ஆம் வகுப்புச் சேர்க்கையன்றே திறக்கவோ மூடவோ செய்கின்றன. நம் வீடுகளில் நடப்பது யாது? ஐந்தாவது வரையில் சத்துணவுக்கும் சீருடைக்குமாகப் பொதுப் பள்ளியில் விட்டுவைத்து, சரியாக ஆறாம் வகுப்பில் ‘இனி நல்ல பள்ளி’ என்று கடன் வாங்கிக் கட்டணப் பள்ளிக்கு மாற்றுகின்றனர். ஒன்பதாம் வகுப்பில் கட்டணம் தாங்காமல் மறுபடி அரசாங்க உயர்நிலைப் பள்ளிக்கு வருகின்றனர். நடுவிலுள்ள அந்த மூன்றாண்டுகளால் 7.5 விழுக்காட்டுப் பொதுவிதியிலிருந்து பிள்ளை நழுவிவிடுகின்றது. பன்னிரண்டாவது முடித்த பின் சான்றிதழ்களைத் தூக்கிக்கொண்டு சங்க அலுவலகத்துக்கு வந்து, “ஏதாவது செய்ய முடியுமா, அண்ணாச்சி?” என்று கேட்கும் தகப்பன்மாருக்கு விடை சொல்வது மிகக் கடினமாயிருக்கின்றது.

கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு வழியாகக் கட்டணப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளும் நம்மிடையே உண்டு. அவர்களுக்காக அரசாங்கம் கட்டணம் செலுத்துவது 8ஆம் வகுப்பு வரைதான். ஒன்பதாவதில் என்ன செய்வதென்பதை இப்பொழுதே எண்ணி வைத்தல் நலம்.

எட்டாம் வகுப்பில் நடைபெறும் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வைப் பற்றி நம்மவர் பெரும்பாலோர் கேள்விப்பட்டதேயில்லை. அரசு, உள்ளாட்சி, உதவிபெறும் பள்ளிகளின் பிள்ளைகளே இதற்கு உரியர். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ரூபாய்க்கு மேற்படலாகாது. தேறியவர்க்கு 9 முதல் 12 வகுப்பு வரை ஆண்டுதோறும் 12,000 ரூபாய் கிடைக்கும். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கிய இடங்கள் 6,695. மனத்திறனும் ஏழாம் எட்டாம் வகுப்புப் பாடங்களுமே வினாக்கள். ஒரு பட்டதாரி இளைஞர் ஆறு மாதம் மாலைதோறும் அமர்ந்து பழக்கினால் நம் ஊர்ப் பிள்ளைகள் சிலரேனும் தேறாமற் போகார். ஒரு பிள்ளைக்கு நான்காண்டில் 48,000 ரூபாய். நம் சங்கம் இதுகாறும் ஒரு பிள்ளைக்கு அத்தனை தொகை கொடுத்ததில்லை.

சொல்லக் கூசும் செய்தியொன்று இருக்கின்றது, அதனையும் சொல்லிவிடுகின்றோம். “அங்கே யார் யாரோ படிக்கிறார்கள், நம் பெண்ணை அவர்களோடு எப்படி உட்கார வைப்பது?” என்று நம் தெருக்களில் சிலர் பேசுவது நம் காதில் விழுந்திருக்கின்றது. நம் முன்னோரைப் பார்த்து இதே சொற்களைப் பிறர் சொன்ன காலம் உண்டு. திண்ணைப் பள்ளியில் ஏறவொட்டாமல் தெருவில் நிறுத்தப்பட்டவர்களின் பேரப் பிள்ளைகள் நாம். அக்காலக் கொடுமையை இப்பத்திரிகையிலே எத்தனை முறை எழுதியிருக்கின்றோம்! ஒரே பந்தியில் எல்லாக் குழந்தைகளும் உண்ணட்டுமென்றே 1956இல் காமராஜர் ஆட்சி மதிய உணவை ஊர்தோறும் பரப்பியது. ஊராரும் தானியமும் காசும் கொடுத்தனர். நம் பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பலகையிலிருந்து படிப்பதால் நம் குலத்துக்கு வரும் குறைவு யாதென்று அவ்வன்பர்கள் இச்சபையிலேயே எழுந்து கூறட்டும். தெருவில் பேசுவதைவிட அது நேர்மை.

ஆங்கிலத்தைப் பற்றிய கவலையை நாம் தள்ளிவிடவில்லை. 2012 முதல் பொதுப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கிலவழிப் பிரிவுகளும் தொடங்கப்பெற்றன. ஆனால் பிரிவு திறப்பதனாலேயே ஆங்கிலம் வந்துவிடாது. நல்ல ஆசிரியரும் நாள்தோறும் வாசிப்பும் வேண்டும். அவ்வாசிப்பை மாலையில் நம் சங்கக் கட்டிடத்தில் நடத்தலாம். அக்கட்டிடம் திருமண நாள் தவிர மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கின்றது. எலிகளுக்கன்றி வேறெவர்க்கும் பயனில்லை.

பெண்குழந்தைகளைக் குறித்து ஒரு சொல். 11 முதல் 14 வரை அவர்கள் பெரியவர்களாகும் பருவம். கழிப்பறையில் தண்ணீரும் தாழ்ப்பாளும் இல்லையென்றால் மாதத்தில் நான்கு நாள் பள்ளிக்கு வாராள். கணக்குப் பாடம் அந்நாளில் நடந்திருக்கும். பிறகு ‘எனக்குக் கணக்கு வராது’ என்பாள். சட்டம் தனிக் கழிப்பறை வேண்டுமென்கின்றது, அறையும் இருக்கின்றது. நாள்தோறும் அதனைக் கழுவ ஆளும், தொட்டியில் நீரும் இருக்கின்றனவா என்று கேட்பார் இல்லை. கேட்க வேண்டியது பள்ளி மேலாண்மைக் குழு. சட்டப்படி அதில் நாலில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். முன்னாள் மாணாக்கர்க்கும் அதில் இடமளித்திருக்கின்றனர். கவனியுங்கள்: ஊர்ப் பெரிய மனிதர் என்பதனால் ஒருவர் அங்கே பெற்றோர் உறுப்பினர் ஆகிவிட முடியாது. பிள்ளை அங்கே படிக்கவேண்டும். நம் வீட்டுப் பிள்ளை அங்கே இல்லாதவரை, அப்பள்ளியைப் பற்றி நாம் கூறும் குறையெல்லாம் கடைத்திண்ணைப் பேச்சே.

ஆதலின் கல்விக் குழுவினராகிய நாம், கொடுக்கப்பட்ட தீர்மானத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவருகின்றோம். கல்வி நிதியின் முதல் தொகையைத் தொடாமல் வைத்து, அதன் வட்டியையும் ஆண்டு மகமையையும் நம் ஊர்ப் பொது நடுநிலைப் பள்ளியில் 6, 7, 8 வகுப்புப் பிள்ளைகளின் பொருட்டு, சாதி வித்தியாசமின்றி, செலவிடுதல் வேண்டும். 2022இல் தொடங்கிய அரசாங்கக் காலைச் சிற்றுண்டி 1 முதல் 5 வகுப்புக்கென்றே ஏற்பட்டது. ஐந்தாவது வரை காலையில் பொங்கலும் உப்புமாவும் உண்ட பிள்ளை, ஆறாவது ஏறியதும், அதே சமையலறைக்கு அடுத்த வகுப்பில் வெறும் வயிற்றோடு அமர்கின்றது. அண்ணன் பசித்திருக்கத் தம்பி உண்பதை அப்பள்ளியில் கண்டோம். தம்பி தன் தட்டிலிருந்து கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுத்ததையும் கண்டோம். அம்மூன்று வகுப்புகளுக்கும் காலை உணவு சங்கத்தின் செலவில் நடக்கட்டும். அரிசி மண்டி அன்பர்கள் இருவர் அரிசிக்குப் பொறுப்பேற்க இசைந்துள்ளனர். கழிப்பறை துப்புரவுக்கு ஓர் ஆளுக்குச் சம்பளமும், மாலை வகுப்புக்கு இரண்டு பட்டதாரிகளுக்கு ஊதியமும் இதனுள் அடங்கும். பள்ளிக்குப் பொருள் கொடுக்க விரும்பும் வெளியூர் உறுப்பினர் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ என்ற அரசாங்க ஏற்பாட்டின் வழியாக நேரே கொடுக்கலாம், ரசீது கிடைக்கும். தலைமையாசிரியரைக் கண்டு பேசிவிட்டோம். மேலதிகாரியின் அனுமதி வேண்டி மனுவும் எழுதி வைத்திருக்கின்றோம். சங்கத்தின் பெயர்ப் பலகையைப் பள்ளிச் சுவரில் மாட்டும்படி கேட்கவில்லை. மாட்டாமலிருப்பதே நன்று.

பணம் மட்டும் போதாது என்பதையும் தெரிவித்துக்கொள்கின்றோம். இவ்வாண்டு ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளை உடைய வீட்டாரிடம், வேறு பள்ளிக்கு மாற்றாமல் அங்கேயே ஆறாம் வகுப்பில் தொடரச் செய்வதாக ஒப்புதல் கேட்கின்றோம். எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை, ஒப்பாதவரைக் குறைகூறவும் மாட்டோம். இதுவரை ஒப்பிய வீட்டாரில் கல்விக் குழுவினர் மூவரும் அடங்குவர். குறிப்பேடு சங்கக் கட்டிடத்தில் காரியதரிசியிடம் இருக்கின்றது. பெயர் கொடுப்போர் பிள்ளையின் பிறந்த தேதியையும், ஆதார் எண்ணிலுள்ளபடி பெயரெழுத்தையும் சரியாகக் கொண்டுவருக. முதலெழுத்து மாறியதனால் உதவித்தொகை நின்றுபோன சங்கதிகள் உண்டு. ஆகஸ்டு 1ஆம் தேதிக்குள் ஆறாம் வகுப்புப் பதிவேடு எத்தனையில் நிற்கின்றதோ அதனை அடுத்த மாதச் சஞ்சிகையில் வெளியிடுவோம். திருத்தத்தின்மேல் வாக்கெடுக்குமாறு அக்கிராசனர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கின்றோம்.